எட்டு போடும்போது கால் ஏன் கீழே போகிறது?

வருடக்கணக்கில் பைக் ஓட்டிப் பழகியவர்கள்கூட லைசென்ஸ் தேர்வில் முதல் வளைவிலேயே காலை ஊன்றிவிடுவதுண்டு. ஓட்டத் தெரியாததால் அல்ல. சாலையில் யாரும் மணிக்கு 8 கி.மீ. வேகத்தில் அரை நிமிடம் தொடர்ந்து ஓட்டுவதில்லை. அந்த வேகம் வந்ததுமே இரண்டு காலையும் இறக்கித் தரையைத் தேய்த்துக்கொண்டு நகர்வதுதான் வழக்கம். தேர்வுத் திடலில் கேட்பது சரியாக அந்த அரை நிமிடத்தைத்தான், அதுவும் கால் இறங்காமல்.

ஓரளவு வேகத்தில் பைக் தன்னைத் தானே நிமிர்த்திக்கொள்ளும். எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் முன்சக்கரம் கொஞ்சம் திரும்பும், வண்டி எழும். வேகம் குறையக் குறைய இந்த உதவியும் குறைந்துகொண்டே வரும். நடக்கிற வேகத்துக்கு இறங்கிவிட்டால் எல்லாம் நம் கையில்தான். அந்த நிலையில் ஒரு வளைவில் வண்டி அளவுக்கு மீறிச் சாய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்சக்கரத்துக்குக் கொஞ்சம் உந்துதல் கொடுத்தால் நிமிரும், உந்துதலை வெட்டினால் விழும். ஆனால் பயந்த கை என்ன செய்யும்? ஆக்ஸிலரேட்டரை மூடும், கிளட்சை முழுக்கப் பிடிக்கும். நிமிர்த்தக்கூடிய ஒரே விசை அந்த நொடியில் போய்விடுகிறது. அப்புறம் கால் இறங்காமல் என்ன செய்யும்?

ஆகவே தேர்வுக்கான பயிற்சி என்பது பெரும்பாலும் இந்த ஒரு பழக்கத்தை மாற்றுவதுதான். மற்றவை அதைச் சுற்றி வருபவை.

முதலில் வண்டியைப் பாருங்கள்

பயிற்சி சரியாக வரவில்லை என்று வாரக்கணக்கில் நொந்துகொள்கிறவர்களில் சிலருக்குக் கோளாறு வண்டியில்தான் இருக்கும். முன் டயரில் காற்று குறைந்திருந்தால் ஹேண்டில்பார் கனக்கும், மெதுவான வளைவில் திருப்பியது திருப்பியபடி உள்ளே இழுத்துக்கொண்டு போகும். வண்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கு, டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றுப் பிடியுங்கள்.

கிளட்ச் லிவரின் நுனியில் 10 முதல் 20 மி.மீ. வரை சும்மா ஆடும் இடைவெளி இருப்பது பெரும்பாலான சிறிய பைக்குகளுக்குச் சரியான அளவு. அது அறவே இல்லாவிட்டால் கிளட்ச் எப்போதும் லேசாக வழுக்கிக்கொண்டே இருக்கும். மிக அதிகமாக இருந்தால் லிவரை முழுக்க அழுத்தினாலும் வண்டி முன்னால் ஊரும், நியூட்ரல் விழாது. கேபிள் காய்ந்திருந்தால் எண்ணெய் விடுங்கள். விட்டு விட்டு நகரும் கேபிளை வைத்துக்கொண்டு அரை கிளட்ச், அதாவது கிளட்சைப் பாதி மட்டும் விட்டு ஓட்டுவது, பழகவே முடியாது.

ஐடிலிங், அதாவது ஆக்ஸிலரேட்டரைத் தொடாதபோது என்ஜின் சுற்றும் வேகம், சிறிய என்ஜின்களில் 1,400 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு 1,400 சுற்று) அருகில் இருக்கும். அதற்கு வெகுவாகக் கீழே இறங்கியிருந்தால் ஒவ்வொரு வளைவிலும் வண்டி ஆஃப் ஆகும். செயின் தொய்வு 20 முதல் 30 மி.மீ. என்பது பல பைக்குகளின் கணக்கு. உங்கள் வண்டியின் கையேட்டில் இருப்பதே இறுதி. தொய்வு கூடினால் ஆக்ஸிலரேட்டரைத் தொட்டதும் ஒரு வெட்டு வெட்டும். சாலையில் அது உறைக்காது, எட்டில் கவிழ்த்துவிடும்.

இன்னொன்றைப் பலர் பார்ப்பதே இல்லை: ஹேண்டில் பேரிங். சென்டர் ஸ்டாண்டு போட்டு, பின்பக்கம் ஒருவரை அழுத்தச் சொல்லி முன்சக்கரத்தைத் தூக்குங்கள். ஹேண்டில்பாரை நடுவில் வைத்து லேசாகத் தட்டினால் இரு பக்கமும் தானாகச் சரிந்து விழ வேண்டும். நடுவில் ஒரு பள்ளத்தில் உட்காருவதுபோல் நின்றால் பேரிங் தேய்ந்திருக்கிறது. அந்த வண்டியை நேராக, மெதுவாக ஓட்ட யாராலும் முடியாது. உங்களால் முடியாததில் வியப்பில்லை.

லிவர்களின் கோணமும் முக்கியம். சீட்டில் உட்கார்ந்து விரல்களை நீட்டினால் முன்கையின் நேர்கோட்டிலேயே லிவர் கிடைக்க வேண்டும். மேலே தூக்கியிருந்தால் பத்து நிமிடத்தில் மணிக்கட்டு வலிக்கும், வலிக்கிற கை நுணுக்கமாக வேலை செய்யாது.

ஆக்ஸிலரேட்டர் நிலை, கிளட்ச் முடிவு, பின் பிரேக் கடிவாளம்

மெதுவாக ஓட்ட ஆக்ஸிலரேட்டரைக் குறைக்க வேண்டும் என்று தோன்றும். செய்ய வேண்டியது நேர்மாறு. ஐடிலிங்கைவிடச் சற்று மேலே, ஏறத்தாழ 2,000 ஆர்.பி.எம். அளவில் ஆக்ஸிலரேட்டரைத் திறந்து, அங்கேயே வைத்துவிடுங்கள். மீட்டர் இல்லாத வண்டியில் காதுதான் மீட்டர்: என்ஜின் சத்தம் ஏறி இறங்காமல் ஒரே சுருதியில் இருக்க வேண்டும். எவ்வளவு சக்தி பின்சக்கரத்துக்குப் போகிறது என்பதைக் கிளட்ச் முடிவு செய்யட்டும். கூடுதலாகப் போவதைப் பின் பிரேக் பிடித்துவைக்கட்டும்.

பின் பிரேக்கை லேசாக மிதித்தபடியே ஓட்டுவது ஆரம்பத்தில் முட்டாள்தனமாகப் படும். ஒரு பக்கம் தள்ளுகிறோம், மறுபக்கம் இழுக்கிறோமே! அந்த இழுபறிதான் வேலை செய்கிறது. செயின் எப்போதும் இறுகியே இருப்பதால் வெட்டு வராது, வேகத்தை மாற்ற மிதியில் ஒரு துளி அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்தால் போதும். முன் பிரேக்குக்கு இங்கே வேலை இல்லை. ஹேண்டில்பார் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கைத் தொட்டால் வண்டி அந்தப் பக்கமே பொத்தென்று சாயும். பழக்கதோஷத்தில் வலதுகை விரல் முன் லிவர்மேல் போய் உட்கார்ந்துகொள்ளும். மெதுவான பயிற்சிகளில் நான்கு விரலையும் கைப்பிடியிலேயே சுற்றிவையுங்கள்.

கிளட்ச் கருகிவிடாதா என்ற கவலை நியாயமானது. பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச் தட்டுகள் என்ஜின் ஆயிலிலேயே ஊறிக் கிடப்பவை, அரை கிளட்சைக் கொஞ்ச நேரம் தாங்கும். ஆனாலும் 10 நிமிடப் பயிற்சிக்கு ஒரு தடவை வண்டியைச் சாதாரணமாக ஒரு சுற்று ஓட்டிவிட்டு வாருங்கள். காற்று பட்டு ஆயில் சூடு தணியும், உங்கள் இடதுகையும் இளைப்பாறும்.

இதைப் பழக முதல் படி, வண்டியை ஓட்டாமலே தொடங்கும். இரண்டு காலும் தரையில், முதல் கியர். கிளட்சை மெல்ல விட்டு, வண்டி 30 செ.மீ. முன்னே போனதும் மறுபடி பிடித்து, காலால் பின்னுக்குத் தள்ளுங்கள். ஐம்பது தடவை. லிவரின் பயணத்தில் கிளட்ச் கவ்வும் இடம் ஒரு விரற்கடை அகலம்கூட இருக்காது. அந்த இடத்தைக் கை மனப்பாடம் செய்ய வேண்டும்.

அடுத்தது 15 மீட்டர் நேர்கோடு. சாக்பீஸால் 30 செ.மீ. இடைவெளியில் இரண்டு கோடுகள் போட்டு அதற்குள் போங்கள். 15 மீட்டரை 15 வினாடிக்குக் குறையாமல் கடந்தால் மணிக்கு 3.6 கி.மீ. வேகம், நடையைவிடக் குறைவு. பத்தில் எட்டு முறை இது வந்துவிட்டால் தேர்வில் எந்த மெதுவான பயிற்சிக்கும் அஞ்ச வேண்டாம். பார்வை கோட்டின் முடிவைத் தாண்டி இருக்கட்டும். முன்சக்கரத்தைப் பார்த்தால் ஹேண்டில் ஆடத் தொடங்கும். தொடைகளால் டேங்கை அணைத்துப் பிடித்து, தோளையும் முழங்கையையும் தளர்த்துங்கள். இறுக்கம் இடுப்புக்குக் கீழே இருக்க வேண்டும், மேலே அல்ல.

எட்டு

எட்டு என்பது இரண்டு வட்டங்களும் நடுவில் ஒரு கடப்பும். வட்டங்களில் கவனம் வைப்பவர்கள் அதிகம், ஆனால் கால் ஊன்றுவது பெரும்பாலும் அந்தக் கடப்பில்தான்.

தொடக்கத்தில் 8 மீட்டர் விட்டமுள்ள வட்டங்களாகப் போடுங்கள். ஒரு சாதாரண எட்டு வைத்தால் 75 செ.மீ. என்று கொண்டால் ஒரு வட்டத்தின் விட்டம் ஏறத்தாழப் பதினொரு எட்டு. (எட்டுக்கு எட்டு வைத்து அளக்கிறோம், தமிழ் நமக்கு விளையாட்டுக் காட்டுகிறது.) தொடர்ந்து ஐந்து முறை கால் படாமல், கோட்டைத் தொடாமல் வந்தால் அரை மீட்டர் சுருக்குங்கள். நீங்கள் எழுதப்போகும் தேர்வின் அளவு தெரிந்திருந்தால், அதைவிட அரை மீட்டர் சிறியதில் போய் நிறுத்துங்கள்.

வேகத்தின் கணக்கு இதுதான். 3 மீட்டர் ஆரமுள்ள வளைவில் 10 கி.மீ. வேகத்துக்குச் சுமார் 15 டிகிரி சாய்வு தேவை. அதே வளைவில் 15 கி.மீ. போனால் 30 டிகிரி. வேகம் ஒன்றரை மடங்கானால் சாய்வு இரண்டு மடங்கு. புதிதாக ஓட்டுகிறவருக்கு 30 டிகிரி என்பது விழுந்துகொண்டிருக்கிறோம் என்ற உணர்வு. "கொஞ்சம் வேகமாகப் போனால் பேலன்ஸ் கிடைக்கும்" என்ற அறிவுரை பாதி உண்மை. 10 கி.மீ. வரை அது உதவும், அதற்கு மேல் வட்டம் பெரிதாகிக் கோட்டைத் தாண்டும்.

உடல் எந்தப் பக்கம்? சாலை வளைவில் வண்டியோடு சேர்ந்து சாய்கிறோம். எட்டில் அப்படிச் செய்யக் கூடாது. வண்டியை உள்பக்கம் சாய விட்டு, நீங்கள் நிமிர்ந்து, வெளிப்பக்கத் தொடையில் எடையைச் சற்று ஊன்றுங்கள். உங்கள் எடை வெளியே இருப்பதால் வண்டி இன்னும் ஆழமாகச் சாயலாம், சாய்வு கூடினால் வட்டம் சுருங்கும். வெளிப்பக்க ஃபுட்ரெஸ்ட்டை அழுத்தினால் இது தானாக வரும்.

பார்வைக்கு ஒரே விதி: வட்டத்தில் நீங்கள் இருக்கும் இடத்திலிருந்து கால் வட்டமாவது முன்னால் பாருங்கள். கண்ணை மட்டும் உருட்டினால் போதாது, தாடை தோளைத் தொடுகிற அளவுக்குத் தலை திரும்ப வேண்டும். கடப்பை நெருங்கும்போது, முன்சக்கரம் இன்னும் பழைய வட்டத்தில் இருக்கையிலேயே தலை அடுத்த வட்டத்துக்குப் போய்விட வேண்டும். அங்கே வண்டி ஒரு கணம் நேராகும். பலர் அதை ஓய்வு என்று எடுத்துக்கொண்டு ஆக்ஸிலரேட்டரை விட்டுவிடுகிறார்கள். மறுபக்கம் சாயும்போது தாங்க உந்துதல் இல்லை. கடப்பில் கிளட்சை ஒரு மயிரிழை கூடுதலாக விட்டு உள்ளே நுழைவதே சரி.

வலப்பக்கம் திரும்புவது பலருக்குக் கடினமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. ஹேண்டில்பார் வலது கோடி வரை திரும்பும்போது வலதுகை உடம்பை நோக்கி வந்து மடங்குகிறது. மணிக்கட்டு முறுகும், ஆக்ஸிலரேட்டர் நாம் சொல்லாமலே திறக்கும் அல்லது மூடும். முழங்கையை வெளியே தூக்கி, ஸ்க்ரூடிரைவர் பிடிப்பதுபோல் கைப்பிடியைச் சற்றுச் சாய்வாகப் பிடித்தால் மணிக்கட்டு நேராக இருக்கும். வண்டியை நிறுத்திவைத்தே இரு கோடிக்கும் திருப்பி, சத்தம் மாறுகிறதா என்று பாருங்கள். பயிற்சியில் வராத பக்கத்துக்கு இரட்டிப்பு நேரம் கொடுங்கள். வருகிற பக்கத்தையே சுற்றிக்கொண்டிருப்பது சுகமாக இருக்கும், அவ்வளவுதான்.

கூம்புகளும் யூ-டர்னும்

கூம்புகளுக்கு இடையே வளைந்து போகும் பயிற்சியில் முன்சக்கரம் தப்பித்துவிடும், பின்சக்கரம்தான் கூம்பைத் தட்டும். பின்சக்கரம் எப்போதும் உள்பக்கமாகவே வரும். 1.3 மீட்டர் சக்கர இடைவெளி உள்ள பைக் 3 மீட்டர் ஆரத்தில் திரும்பினால், பின்சக்கரத்தின் பாதை முன்சக்கரத்தைவிடச் சுமார் 30 செ.மீ. உள்ளே விழுகிறது. அதனால் கூம்பை உரசிக்கொண்டு போகாமல், முன்சக்கரத்துக்கும் கூம்புக்கும் நடுவே அரை மீட்டர் விடுங்கள். அடுத்த திருப்பத்தை, முன்சக்கரம் கூம்புக்கு நேராக வரும்போதே தொடங்கிவிடுங்கள். தாமதமானால் ஒவ்வொரு கூம்பிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கடன் ஏறி, நான்காவது கூம்பில் தவறும். முதல் கூம்பில் செய்த பிழை கடைசியில் தெரிவதால், கடைசிக் கூம்பை நொந்து பயனில்லை. 6 மீட்டர் இடைவெளியில் தொடங்கி 4 மீட்டருக்கு வாருங்கள். கூம்புக்குப் பதில் பாதி மணல் நிரப்பிய காகிதக் கோப்பைகள் போதும். ஏறினாலும் ஆபத்தில்லை.

யூ-டர்ன் என்பது பாதி எட்டுதான். கூடுதலாக, திரும்புமுன் கண்ணாடி, தோளுக்கு மேல் பார்வை, இண்டிகேட்டர் மூன்றும் வேண்டும்.

அவசர பிரேக்

இங்கே முன் பிரேக்தான் நாயகன். பிரேக் பிடித்ததும் எடை முன்னால் பாய்வதால் பிடிமானத்தின் பெரும்பங்கு முன் டயரில் இருக்கும். ஆனால் அந்த எடை வந்து சேர ஒரு கணம் பிடிக்கும். அதற்கு முன்பே லிவரை வெடுக்கென்று இழுத்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும். எலுமிச்சம்பழம் பிழிவதுபோல் அழுத்தம் ஏற ஏறப் பிடியுங்கள். முன் சஸ்பென்ஷன் அமுங்குவதை உணர்ந்ததும் இன்னும் அழுத்தலாம்.

காய்ந்த சாலையில் ஓரளவு நன்றாகப் பிடித்தால் 20 கி.மீ. வேகத்தில் 2.6 மீட்டரிலும், 40 கி.மீ. வேகத்தில் சுமார் 10.3 மீட்டரிலும் நிற்கலாம். வேகம் இரட்டித்தால் தூரம் நான்கு மடங்கு. சைகையைப் பார்த்துக் கை செயல்பட ஒரு வினாடி ஆனால், 40 கி.மீ. வேகத்தில் அதற்குள் 11 மீட்டர் போயிருப்பீர்கள். எனவே 20, 30, 40 என்று படிப்படியாகத்தான் பழக வேண்டும்.

முன்சக்கரம் பூட்டினால் உடனே விட்டு மறுபடி பிடியுங்கள். பின்சக்கரம் பூட்டி வண்டி குறுக்காகத் திரும்பியிருந்தால் பின் பிரேக்கைச் சட்டென்று விடாதீர்கள். சக்கரம் திடீரெனப் பிடித்துக்கொண்டு ஆளைத் தூக்கி எறியும். சக்கரம் பூட்டாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். உள்ள வண்டியில் லிவர் துடிக்கும். அதைக் கோளாறு என்று நினைத்து விட்டுவிடாமல் அழுத்தியே இருங்கள். ஹேண்டில் நேராக, பார்வை தூரத்தில். நிற்பதற்குச் சற்று முன் கிளட்ச், நின்றதும் இடதுகால் தரையில், முதல் கியர் விழுந்திருக்க வேண்டும். வலதுகால் பின் பிரேக்கிலேயே இருக்கட்டும்.

கியர் இல்லாத ஸ்கூட்டர் என்றால்

கிளட்ச் லிவர் இல்லாததால் எளிது என்று பார்த்தால், மெதுவான பயிற்சியில் ஸ்கூட்டர் தனியான தொல்லை கொடுக்கும். ஆக்ஸிலரேட்டரை முழுக்க மூடினால் உள்ளே இருக்கும் தானியங்கிக் கிளட்ச் விட்டுவிடும், பின்சக்கரம் அனாதையாக உருளும், வண்டி தள்ளாடும். மறுபடி திறந்தால் ஒரு குதி குதிக்கும். இடதுகைப் பின் பிரேக்கை லேசாகப் பிடித்தபடி, கிளட்ச் கவ்வியிருக்கும் அளவுக்கு ஆக்ஸிலரேட்டரைத் திறந்தே வைப்பதுதான் வழி. கூட்டு பிரேக் உள்ள ஸ்கூட்டரில் இடது லிவர் முன் பிரேக்கையும் சேர்த்துப் பிடிக்கும். வளைவில் அதை மிக மென்மையாகத் தொடுங்கள்.

கடைசி நாட்கள்

ஒரே மூச்சில் மூன்று மணி நேரம் பழகுவதைவிட, 40 நிமிடமாக எட்டு நாள் பழகுவது நல்லது. இடதுகை சோர்ந்த பிறகு செய்வதெல்லாம் தவறான பழக்கத்தைப் பதிய வைப்பதே. ஒரே திடலில் மட்டும் பழகாதீர்கள். அந்தச் சுவர், அந்த மரம், அந்தப் பள்ளம் எல்லாம் உங்களுக்கு அடையாளமாகிவிடும். புது இடத்தில் எட்டு சின்னதாகத் தெரியும். தேர்வுக்கு முந்தின நாள் 15 நிமிடம் போதும்.

தேர்வில் வேறு வண்டி கொடுப்பார்கள் என்றால், ஏறியதும் கிளட்ச் கவ்வும் இடத்தை இரண்டு தடவை தேடிக்கொள்ளுங்கள். கண்ணாடியைச் சரிசெய்யுங்கள். என்ஜினை அணைக்கும் கில் ஸ்விட்சைப் பாருங்கள். ஸ்டார்ட் ஆகாமல் பதறுகிறவர்களுக்குப் பாதி நேரம் காரணம் அதுவாகவே இருக்கும். என்ஜின் குளிர்ந்திருந்தால் இரண்டு நிமிடம் ஓட விடுங்கள். குளிர்ந்த என்ஜினின் ஐடிலிங் நீங்கள் பழகியதாக இருக்காது. தடித்த அடிப்பாகமுள்ள ஷூ போட்டால் பின் பிரேக் மிதியின் உணர்வு தெரியாது. பயிற்சியில் போட்ட அதே ஷூவைப் போடுங்கள்.

தலையைத் திருப்பிப் பார்த்ததைத் தேர்வாளர் காண வேண்டும். ஹெல்மெட்டுக்குள் கண்ணை மட்டும் அசைத்தால் நீங்கள் பார்த்தது அவருக்குத் தெரியாது. திரும்பியதும் இண்டிகேட்டரை அணைக்க மறப்பது, எட்டைச் சுத்தமாக முடித்தவர்களிடமும் நடக்கும் தவறு. கால் ஒரு தடவை பட்டுவிட்டால் நின்று மன்னிப்புக் கேட்காதீர்கள். ஒரு தடவைக்கு எவ்வளவு மதிப்பெண் போகும் என்பது தேர்வுக்குத் தேர்வு மாறும், போனதைச் சரிசெய்யப் போய் அடுத்ததையும் விடுவதே பெரிய நட்டம். பார்வையைத் தூக்கி, கிளட்சைக் கவ்வும் இடத்துக்குக் கொண்டுவந்து தொடருங்கள்.

முடித்ததும் சொன்ன இடத்தில் நிறுத்தி, நியூட்ரல் போட்டு, என்ஜினை அணைத்து, சைடு ஸ்டாண்டு முழுக்க முன்னால் வந்து நின்றுவிட்டதா என்று பார்த்த பிறகே இறங்குங்கள். பாதி விரிந்த ஸ்டாண்டில் வண்டியைச் சாய்த்துக் கீழே போட்டவர்கள் உண்டு, அதுவும் தேர்வாளர் தாளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கும்போது.